விடுதலையோடு முடிந்துவிடுகிறதா கொலை வழக்கு?

கொலைக் குற்றவாளி என்று மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவிக்கப்பட்டவர்கள் 2025இல் தமிழ்நாட்டிலேயே இருவர். இரண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் குறை கண்டது புலனாய்விலும் விசாரணை நடந்த விதத்திலும்தான். அப்படியானால், சிறையில் போன ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் இன்றுவரை நேரான பதில் இல்லை. இப்படி மரண தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிலரின் இழப்பீட்டு மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றிருக்கின்றன.

சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களைவிடக் காரைக்கால் போன்ற சிறு ஊர்களுக்கே இந்தக் கேள்வி நெருக்கமானது. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த இந்தப் பகுதியின் நிர்வாகத் தலைநகரம் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். உயர் நீதிமன்றமோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில். இங்கே ஒருவர்மீது தவறாகக் கொலைப் பழி விழுந்தால், அதைத் துடைக்க அவருடைய குடும்பம் கடக்க வேண்டிய தூரமும் ஆகும் செலவும் சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியவை அல்ல.

சுருளி அருவி வழக்கு

2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதிக்குச் சென்ற ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து இருவரின் உடல்களும் காட்டுக்குள் கிடைத்தன. ஊரே கொதித்தது. பின்னர் ஒருவர் கைது செய்யப்பட்டார். கொலையை நேரில் பார்த்த சாட்சி யாருமில்லை. சூழ்நிலைச் சாட்சியங்களையும் மரபணுச் சோதனை முடிவையும் வைத்து வழக்கு நடந்தது. 2018இல் தேனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது.

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகிய மூன்று நீதிபதிகள் அமர்வு அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்த மரபணுச் சான்றே அந்தத் தீர்ப்பில் நிற்கவில்லை. காரணம் அறிவியல் அல்ல. பிரேதப் பரிசோதனையில் எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்வரை யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டது, ஏன் அவ்வளவு தாமதம் ஆனது என்பவற்றுக்கு நம்பத்தக்க பதிவு இல்லை. மருத்துவர் மாதிரியை எடுத்துக் குப்பியில் அடைத்து, சீல் வைத்துக் காவலரிடம் தருகிறார். அந்தக் குப்பி காவல் நிலைய அலமாரியில் இருந்ததா, நீதிமன்றச் சொத்து அறையில் இருந்ததா, நடுவில் யாராவது திறந்தார்களா? பதிவேட்டில் ஒரு வரி இல்லையென்றால், குப்பிக்குள் இருப்பது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை வைத்து ஒருவரைத் தூக்கிலிட முடியாது.

அதே தீர்ப்பில் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் நீதிபதிகள் வகுத்தனர். மரபணு மாதிரி எடுத்தவுடன் முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு, புலனாய்வு அதிகாரியின் விவரம் எல்லாம் உறையின் மேல் எழுத வேண்டும். மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது தடய அறிவியல் ஆய்வகத்தைச் சேர வேண்டும். தாமதமானால் காரணம் வழக்கு நாட்குறிப்பில் பதிவாக வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியின்றி சீலைத் திறக்கவோ மாற்றவோ கூடாது. மாதிரி கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் பதிவேடு வழக்கு முடியும்வரை பராமரிக்கப்பட்டு, நீதிமன்றக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிக்கும் விஷயம் எதுவும் இல்லை. ஒரு பதிவேடு, ஒரு பேனா, பொறுப்புள்ள ஒரு ஆள் போதும். இந்தச் சின்ன வேலை நடக்காததால் ஒரு மனிதர் தூக்குத் தண்டனைக் கைதியாக ஆண்டுகளைக் கழித்தார். கொல்லப்பட்ட இருவரின் பெற்றோருக்கோ 14 ஆண்டுகள் கழித்தும் குற்றவாளி யார் என்ற கேள்விக்கு விடை இல்லை.

மூன்று மாதம் கழித்து, 2025 அக்டோபரில், 2017இல் சென்னையை உலுக்கிய சிறுமி கொலை வழக்கிலும் மரண தண்டனை ரத்தாகி விடுதலைத் தீர்ப்பு வந்தது. இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞருக்கு வழக்கைப் படித்துத் தயாராகப் போதிய நாட்கள் தரப்படவில்லை என்பதும் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. தீர்ப்பைக் கேட்டுப் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் புலனாய்வைச் சரியாகச் செய்யாதவர்களும், விசாரணையை அவசரமாக முடித்தவர்களும்தான். குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையில் செய்தவராக இருந்தால் கொலைகாரர் தப்பினார். செய்யாதவராக இருந்தால் அப்பாவி தூக்குக்கு அருகே போய் வந்தார். புலனாய்வு கெட்டுப்போனால் இரண்டில் எது நடந்தது என்பதைக்கூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது.

கைதிலிருந்து கூண்டு வரை

கொலை வழக்கு என்பது நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. சம்பவ இடத்தில் எழுதப்படும் பார்வை மகஜரிலேயே அதன் தலையெழுத்துப் பாதி தீர்மானமாகிவிடுகிறது. ரத்தக்கறை படிந்த மண், துணி, ஆயுதம் ஆகியவை எங்கே, எப்போது, யார் முன்னிலையில் எடுக்கப்பட்டன என்பதை அந்தத் தாள்தான் சொல்கிறது.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளின் கோப்புகளைப் புரட்டுபவர்கள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். தலைமறைவாக இருந்தவர் ஒரு காலைப்பொழுதில் தானாகக் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்கு நடந்து வருகிறார். முன்பின் பழக்கமில்லாத அந்த அலுவலரிடம் கொலையை ஒப்புக்கொள்கிறார். அவர் அதை எழுதி வாங்கி, ஆளையும் தாளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். காவலரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் சட்டப்படி செல்லாது என்பதால் இந்த வழி கண்டுபிடிக்கப்பட்டது. அறிமுகமில்லாத ஒருவரிடம் ஏன் போய் ஒருவர் தன் உயிரை ஒப்படைப்பார் என்று உயர் நீதிமன்றம் பலமுறை கேட்டிருக்கிறது. ஆனாலும் கோப்புகளில் அந்தக் காட்சி ஓயவில்லை.

அடுத்தது கைப்பற்றுதல். குற்றம் சாட்டப்பட்டவர் அடையாளம் காட்டிய இடத்தில் கத்தி கிடைத்தது என்றால், அந்த அளவுக்கு மட்டும் அவர் சொன்னது சாட்சியமாகும். முந்தைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆவது பிரிவுக்குள் இருக்கிறது. கத்தி உண்மையிலேயே அங்கே கிடைத்ததா, கொண்டுபோய் வைக்கப்பட்டதா என்பதற்கு மகஜரில் கையெழுத்திட்ட இருவரின் வார்த்தைதான் அத்தாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் கொடுத்திருக்கிறது.

காரைக்காலின் நில அமைப்பு இதில் ஒரு தனிச் சிக்கல். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினால் திருவாரூர் மாவட்டம். காலையில் ஒரு காவல் துறையின் எல்லையில் வேலை, மாலையில் இன்னொரு காவல் துறையின் எல்லையில் வீடு என்று வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உடல் ஒரு பக்கமும் சாட்சிகள் இன்னொரு பக்கமும் இருக்கும் வழக்கில் கண்காணிப்புக் கேமரா பதிவையும் செல்பேசித் தடத்தையும் இரண்டு நிர்வாகங்களிடம் கடிதம் எழுதித்தான் வாங்க வேண்டும். எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று புதிய சட்டம் சொல்வது நல்லதுதான். பதிந்த பிறகு அந்தக் கோப்பு எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குற்றமற்றவரைக் காப்பாற்றக்கூடிய கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். சாத்தான்குளத்தில் 2020இல் காவல் நிலையத்துக் கேமரா பதிவுகள் அன்றாடம் அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது காவல் மரண விசாரணையில் வெளிவந்தது. அனைத்துக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கைதானவருக்குக் கொலை வழக்கில் ஜாமீன் எளிதல்ல. 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிறது. தாக்கலாகிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். உரிய தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிக்கலாம், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவரென்றால் மூன்றில் ஒரு பங்கே போதும் என்ற புதிய சலுகை, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்குப் பொருந்தாது. ஆகவே தவறாகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் நம் சட்டத்தில் மிகக் குறைந்த பாதுகாப்புடன் நிற்பவர்.

தண்டனை விதிக்கப்பட்டால் காலாப்பட்டு மத்தியச் சிறை. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி தாண்டிப் போக வேண்டும். மனுப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப நினைக்கும் தாயோ மனைவியோ விடியுமுன் பேருந்து ஏறியாக வேண்டும். ஒரு நாள் கூலி போவது தனிக் கணக்கு.

கூண்டில் நின்ற பாகவதர்

தமிழர்கள் மறக்காத கொலை வழக்கு ஒன்று உண்டு. காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான மாயவரத்தில் 1910இல் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் அதில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். கூடவே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் நின்றார்.

சி.என். லட்சுமிகாந்தன் திரைக் கலைஞர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்த பத்திரிகையாளர். 'சினிமா தூது' இதழை நடத்தினார். அது முடக்கப்பட்டதும் 'இந்து நேசன்' இதழுக்கு மாறினார். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். அவர்மீது யாருக்கெல்லாம் கோபம் இருந்தது என்று பட்டியலிட்டால் கோடம்பாக்கமே வரும் என்ற நிலையில், புலனாய்வு பெரிய பெயர்களை நோக்கிப் போனது. சதித்திட்டம் தீட்டியதாகப் பாகவதர், கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே அப்ரூவராக மாறினார். அவருடைய வார்த்தைதான் சதி வழக்கின் முதுகெலும்பு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரர் முறையில் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வழக்கறிஞர்களில் வி.எல். எத்திராஜ் இருந்தார். தீர்ப்பைக் கேட்க வெளியே கூட்டம் முண்டியடித்தது. ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே 3 அன்று பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். மூன்று ஜூரர்களுக்குச் சந்தேகம் இருந்தும் தண்டனை நின்றது என்பது இன்று படிக்கும்போது வியப்பளிக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பிறகு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே டி.என். பிரிட் வாதாடினார். பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் அமர்வு சாட்சியங்களை வரிக்கு வரி ஆராய்ந்து, 1947 ஏப்ரல் 25 அன்று இருவரையும் விடுவித்தது. ஒரே கோப்பு, ஒரே சாட்சிகள். 1945இல் ஆயுள் தண்டனைக்குப் போதுமாக இருந்தவை 1947இல் எதற்கும் போதவில்லை.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத பகுதி பணம். லண்டன்வரை வழக்கை நடத்த அவர்களால் முடிந்தது; கிருஷ்ணனுக்காக அவருடைய மனைவி டி.ஏ. மதுரம் நாடகம் நடத்திப் போராடினார். அதே இடத்தில் திருநள்ளாற்று விவசாயக் கூலி ஒருவர் இருந்திருந்தால் 1945 அக்டோபரோடு கதை முடிந்திருக்கும். பாகவதருக்கும்கூட விடுதலை முழு மீட்பாக அமையவில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டு ஓடியபோது அதன் நாயகன் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு எடுத்த படங்கள் எடுபடவில்லை. 1959 நவம்பர் 1 அன்று, 49 வயதில் இறந்தார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை சட்டப்படி நிறுவப்படவில்லை.

மேல்நீதிமன்றம் சாட்சியத்தை முழுதாகத் திறந்து பார்க்கும் கடமை எவ்வளவு பெரியது என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கும் சான்று. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து வெளியே அனுப்பியது.

புதுச்சேரி நீதிமன்றமே அரங்கான பெரிய வழக்கு காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கு. 2004 செப்டம்பரில் கோயில் வளாகத்தில் நடந்த கொலை அது. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற வாதத்தை ஏற்று 2005இல் உச்ச நீதிமன்றம் அதைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டதில் 83 பேர் பிறழ்சாட்சிகளாக மாறினார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒன்பது ஆண்டு பழி சுமந்தார்கள். சங்கரராமன் குடும்பத்துக்கோ ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் ஒட்டிக்கொள்ளும் பழி

விடுதலைத் தீர்ப்புகளில் பெரும்பாலும் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்ற சொற்றொடர் இடம்பெறுகிறது. சட்டப்படி அது முழு விடுதலைதான். நடைமுறையில் அந்தச் சொற்றொடரே வேலைக்குத் தடையாகிறது. தமிழ்நாட்டில் காவலர் தேர்வு விதிகளே சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன.

காரைக்காலில் இதன் பாதிப்பு இன்னும் கூர்மையானது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. வெளிநாடு போக நீதிமன்ற அனுமதி தேவை. வழக்கு முடிவதற்குள் வேலைக்குப் போகும் வயது போய்விடும். வழக்கு முடிந்த பிறகும் காவல் துறைச் சான்றிதழில் பழைய வழக்கின் நிழல் விழும்.

ஊடகத்தின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். கைதான அன்று 'கொலையாளி சிக்கினார்' என்று முதல் பக்கத்தில் படத்தோடு வரும் செய்தி, விடுதலையான அன்று உள்பக்கத்து மூலையில் நான்கு வரியாகச் சுருங்குகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்துக்கு அந்த நான்கு வரிகூட வருவதில்லை.

ஆயிரம் ரூபாய்

தகுந்த காரணமின்றி ஒருவரைக் காவல் துறையைக் கொண்டு கைது செய்ய வைத்தவரிடமிருந்து இழப்பீடு பெற்றுத்தர நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. புதிய சட்டத்தில் அது 399ஆவது பிரிவு. உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். இதுவும் அரசு தருவதல்ல; பொய்ப் புகார் தந்தவர் தருவது. அரசே தவறாகச் சிறையில் வைத்ததற்கு இழப்பீட்டு உரிமை எதையும் எழுத்துச் சட்டம் தரவில்லை.

நீதிமன்றங்கள் தனித்தனி வழக்குகளில் மனமிரங்கி வழங்கியவை உண்டு. விடுதலையான பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த பிகாரின் ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் தரச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர், செய்யாத கொலைக்காக 16 ஆண்டு சிறையில் இருந்தது 2019இல் வெளிப்பட்டபோது ஆளுக்கு 5 லட்சம். நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு, கொலை வழக்கு அல்லாத ஓர் உளவு வழக்கில், 2018இல் 50 லட்சம். ஒருவருக்கு எவ்வளவு என்பது எந்த அளவுகோலில் தீர்மானமாகிறது என்று கேட்டால் பதில் இல்லை. வழக்கறிஞர் வைக்க முடிந்தவருக்கு ஏதோ கிடைக்கிறது. முடியாதவருக்கு அதுவும் இல்லை.

மத்திய சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் அளித்த 277ஆவது அறிக்கை இதற்கு வழி சொன்னது. தவறான வழக்குத் தொடர்வுக்கு இழப்பீடு சட்ட உரிமையாக வேண்டும். அந்தக் கோரிக்கைகளை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றங்கள் வேண்டும். கெட்ட நோக்கத்தோடு வழக்குத் தொடுத்த அதிகாரியிடமிருந்து தொகையை அரசு வசூலிக்கலாம் என்றது. 2023இல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிதாக எழுதப்பட்டபோது இந்தப் பரிந்துரை உள்ளே வரவில்லை. சுருளி அருவித் தீர்ப்பிலும் நீதிபதிகள் இந்தக் குறையைக் குறிப்பிட்டு, சட்டமியற்றுவதை நாடாளுமன்றத்திடம் விட்டார்கள்.

மற்ற நாடுகள் எப்போதோ இதைச் செய்துவிட்டன. பிரிட்டனில் 1988 முதல் சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தவறான சிறைவாசத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 டாலர்வரையும், மரண தண்டனைக் கைதியாக இருந்திருந்தால் ஒரு லட்சம் டாலர்வரையும் தருகிறது. காரைக்கால் வாசகருக்குச் சுவையான செய்தி வேறு: இந்த ஊரை 1954வரை ஆண்ட பிரான்ஸ், நீதிமன்றப் பிழையால் தண்டிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தர வழிசெய்யும் சட்டத்தைத் தன் நாட்டில் 1895லேயே இயற்றிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் காரைக்காலுக்கு வந்தது 1963 அக்டோபரில். அவற்றோடு இந்த ஓட்டையும் வந்து சேர்ந்தது.

இங்கேயே செய்யக்கூடியவை

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. முதலாவது, மாதிரிகளின் பதிவேடு. காரைக்கால் அரசு மருத்துவமனையில் எடுக்கப்படும் மாதிரி மரபணு ஆய்வகத்துக்கு நெடுந்தூரம் பயணப்பட்டே ஆக வேண்டும். 48 மணி நேர வரம்பைக் கடைப்பிடிக்க ஒரு வாகனமும் குளிர்ப்பெட்டியும் பொறுப்பான ஒரு காவலரும் போதும். கைமாறும் பதிவேட்டின் நகல் குற்றப்பத்திரிகையோடு குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தரப்பட வேண்டும்.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டக் காவல் துறையோடு காரைக்கால் காவல் துறை எழுத்துப்பூர்வமான ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். கொலை வழக்கு பதிவான அன்றே எல்லைப்புறச் சோதனைச் சாவடிகளின் கேமரா பதிவுகளை அழியாமல் எடுத்து வைப்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும். குற்றத்தை நிரூபிக்கும் பதிவை மட்டுமின்றி, குற்றம் சாட்டப்பட்டவர் வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் பதிவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இரண்டாவது வகைப் பதிவைக் காவல் துறை தேடுவது அரிது. குடும்பம் தேடிப் போகும்போது அது அழிந்திருக்கும்.

கைதான முதல் நாளே வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வைத்துத் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. அரசு வழக்கறிஞருக்கு நிகராகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக முழுநேரச் சம்பள வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்தது. கொலை வழக்கில் அனுபவமுள்ளவர்கள் காரைக்காலிலேயே அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கில், கோப்பு கைக்கு வந்த நாளுக்கும் முதல் சாட்சி கூண்டேறும் நாளுக்கும் இடையே குறைந்தபட்ச அவகாசத்தை மாவட்ட நீதிமன்றமே வகுத்துக்கொள்ளலாம்.

சாட்சிப் பாதுகாப்பும் குற்றமற்றவருக்கான பாதுகாப்புதான். மிரட்டலுக்கு அஞ்சி உண்மையான சாட்சி பின்வாங்கும்போது, கோப்பை நிரப்பப் பொய்ச் சாட்சி தேடப்படுகிறது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் அறிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 398ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. அது அறிவிக்கையோடு நின்றுவிடாமல் அதற்கென நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

விடுதலையானவருக்கு உதவ ஒரு நிதியைப் புதுச்சேரி அரசு இப்போதே தொடங்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே எல்லா இடங்களிலும் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதைக் கையாள்கிறது. அதே வழியில், மூன்றாண்டுக்கு மேல் சிறையிலிருந்து மேல்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவித்தொகை, மருத்துவச் செலவு, தொழில் தொடங்கக் கடன், காவல் துறைப் பதிவேட்டைத் திருத்தித் தரும் சான்றிதழ் ஆகியவற்றை வழங்கலாம். கொலைப் பழியிலிருந்து விடுபட்டு இந்தத் தகுதியோடு வருபவர்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அரசுக் கருவூலத்துக்கு இது சுமையாகாது.

புதுச்சேரி சட்டப்பேரவையின் 30 தொகுதிகளில் நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்தும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இந்த ஐந்து உறுப்பினர்களும் கட்சி பாராமல் அடுத்த நிதிநிலைக் கூட்டத்தொடரில் இந்த நிதிக்கான கோரிக்கையை எழுப்ப வேண்டும்.